கேட்ட கேள்விக்கு மட்டும் விடை

எங்கட வீட்டு பிரிண்டர் சாப்பாட்டறையில் இருக்கிறது. அது பிழையான இடம் என்பது 2023 குளிர்காலத்தில் ஒரு செவ்வாய் இரவுதான் எனக்கு விளங்கியது.

மேலே அறையில் இருந்து ஒரு தாளை அச்சுக்கு அனுப்பினேன். எட்டு வயது மகனைப் படுக்க வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், அந்தத் தாள் அப்பாவின் கையில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அது ஒரு புள்ளித்தாள். வாசனை 12க்கு 6, தோற்றம் 3க்கு 3, சுவை 20க்கு 10, வாயில் படும் தன்மை 5க்கு 3, மொத்த அபிப்பிராயம் 10க்கு 5. ஐம்பதுக்கு 27.

அப்பா யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் பல வருடம் போனவர். 1997இல் மெல்பேர்ண் வந்த பிறகு பகலில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமையில் தமிழ்ப் பாடசாலை. யாருடைய புள்ளித்தாளாக இருந்தாலும் ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார்.

"கூட்டல் சரி" என்றார். "அம்பத்திநாலு வீதம். 'சி' வரும்." பிறகுதான் தாளின் தலைப்பைப் பார்த்தார். "இதென்ன தம்பி, பியர் எண்டு போட்டிருக்கு?"

முப்பத்தாறு வயது, முதுமாணிப் பட்டம், வேலையில் எனக்குக் கீழே ஆறு பேர். ஆனால் அந்த நேரம் பத்தாம் வகுப்பில் பிடிபட்ட பெடியன் மாதிரித்தான் நின்றேன்.

பின்கதையைச் சொல்ல வேணும். மெல்பேர்ண்காரருக்கு 2020, 2021 என்றால் என்னவென்று தெரியும். ஆறு ஊரடங்கு, மொத்தம் 262 நாள். அந்த நாட்களில் சிலர் பாண் சுட்டார்கள், சிலர் தக்காளி நட்டார்கள். நான் கராஜில் பியர் காய்ச்சத் தொடங்கினேன். மென்பொருள் வேலை செய்கிறவனுக்கு இது உடனே பிடிக்கிற பொழுதுபோக்கு. வெப்பநிலை, அடர்த்தி, நேரம், ஈஸ்ட் என்று எல்லாவற்றையும் அளக்கலாம். பிழைத்தால் எந்தப் படியில் பிழைத்தது என்று பின்னுக்குப் போய்த் தேடலாம். வேலையில் ஆறு மாதம் எழுதிய நிரலை ஒருவரும் கண்ணால் பார்ப்பதில்லை. இது மூன்று கிழமையில் போத்தலில் வந்து நிற்கும்.

அப்பாவும் அம்மாவும் தனி வீட்டில், எங்களிடமிருந்து கால் மணி நேர ஓட்டம். ஊரடங்குக் காலத்தில் அவர்கள் வரவே முடியவில்லை. பிறகு செவ்வாய், புதன் வந்து தங்கி, பேரனைப் பள்ளியால் கூட்டிவரத் தொடங்கினார்கள். கராஜில் இருக்கிற வாளி என்ன என்று அம்மா ஒருநாள் கேட்டா. "ஜிஞ்சர் பியர்" என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

ஏன் பொய் சொன்னேன்? அப்பாவின் அப்பாவை, எங்கட அப்புவை, நான் கண்டதில்லை. கண்டவர்கள் அவரைப் பற்றி அதிகம் பேசுவதுமில்லை. நான் அறிந்தது இவ்வளவுதான்: நல்ல தச்சுத் தொழிலாளி, பின்னேரம் தவறணை, முதலில் தோட்டக்காணி போனது, பிறகு அப்பம்மாவின் தாலிக்கொடி, கடைசியில் ஆளும் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன் பிறகு அப்பாவின் அகராதியில் குடி என்பதற்கு ஒரேயொரு பெட்டிதான். கலியாண வீட்டில் ஒரு கிளாஸ் வைன் எடுத்தவரும் அதற்குள்தான், தெருவில் விழுந்து கிடந்தவரும் அதற்குள்தான். இந்த இதழை வாசிக்கிற பல பேருடைய வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் திறப்பதை விட "ஜிஞ்சர் பியர்" என்று சொல்வது சுகம்.

இனி அந்த 27 புள்ளிக்கு வருவோம்.

அந்த வருடம் நான் காய்ச்சியது பனங்கட்டி போட்ட ஒரு கறுத்த ஸ்டவுட். டண்டினோங்கில் எங்கட கடைகளில் ஓலைக் குட்டானில் பனங்கட்டி கிடைக்கும். 23 லீட்டர் பியருக்கு 1.2 கிலோ போட்டேன். மிச்சம் மோல்ட், கொஞ்சம் கறுக்க வறுத்த பார்லி. லாகர் ஈஸ்டை வழமைக்கு மாறாகச் சூடாக, 18 பாகை செல்சியஸில் நொதிக்க விட்டேன். தொடக்க அடர்த்தி 1.070, முடிவில் 1.016. மதுசாரம் 7.1 வீதம். நண்பர்கள் குடித்துவிட்டு "இதைப் போட்டிக்குப் போடு" என்றார்கள்.

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு இங்கே ஒழுங்கான போட்டிகள் உண்டு. கிளப்கள் நடத்துகிற சிறிய போட்டிகள், விக்டோரியா மாநில அளவில் விக்பிரூ, அதற்கு மேலே தேசிய அளவில் அவுஸ்திரேலிய அமெச்சூர் பிரூவிங் சாம்பியன்ஷிப். நான் போட்டது ஒரு கிளப் போட்டி. போத்தலில் பெயர் இருக்கக் கூடாது, மூடியில் அடையாளம் இருக்கக் கூடாது. நடுவருக்குத் தெரிவது ஓர் இலக்கமும், நீங்கள் எந்தப் பிரிவில் போட்டிருக்கிறீர்கள் என்பதும் மட்டுந்தான். சில பிரிவுகளுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒரு சிறு விளக்கமும் போகும்.

பிரிவுகளுக்கு அடிப்படை பெரும்பாலும் பி.ஜே.சி.பி. என்கிற அமெரிக்க அமைப்பின் கையேடு. 1985இல் தொடங்கிய அமைப்பு. கையேட்டின் இப்போதைய பதிப்பு 2021ஆம் ஆண்டினுடையது. அதில் 34 பெரும் பிரிவுகள், அவற்றுக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள். ஒவ்வொரு வகைக்கும் வாசனை எப்படி, நிறம் எப்படி, கசப்பு எவ்வளவு, மதுசாரம் எத்தனை வீதம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். நடுவர் அந்தப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் உங்கள் பியரைச் சுவைப்பார். அவருடைய கேள்வி "இது நல்ல பியரா?" என்பது மாத்திரமல்ல. "இது, இவர் சொல்கிற அந்த வகைக்கு நல்ல பியரா?" என்பதுதான்.

நான் போட்டது 31பி. மாற்றுச் சீனி சேர்த்த பியர் என்ற வகை. தேன், மொலாசஸ், மேப்பிள் பாகு போட்டவர்களெல்லாம் வருகிற இடம். பனங்கட்டி போட்டிருக்கிறேன், ஆகவே 31பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விளக்கத்துக்கு விட்ட இடத்தில் ஒரு கட்டுரையே எழுதினேன். பனை, யாழ்ப்பாணம், ஓலைக் குட்டான், பிளேன்டீயோடு பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கிற வழக்கம், ஒன்றையும் விடவில்லை. எழுதி முடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

நடுவர் எழுதியதன் சாரம் இதுதான்: சுத்தமான, நன்றாகக் காய்ச்சிய பியர். குறிப்பிட்ட சீனியின் தனிச்சுவையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு பிரிவில் வந்திருக்க வேண்டியது. மற்ற நடுவர் எழுதியதும் ஏறக்குறைய அதே.

இந்தத் தாளைத்தான் அப்பா வாசித்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னேன். ஜிஞ்சர் பியர் இல்லை, மூன்று வருடமாகப் பியர்தான் காய்ச்சுகிறேன் என்றேன்.

"கசிப்போ காய்ச்சிறாய்?"

"கசிப்பு இல்லை அப்பா. இங்க சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம், விக்கத்தான் கூடாது. வடிக்கிறதெண்டாத்தான் லைசென்ஸ் வேணும்."

"சட்டம் எனக்கு வேண்டாம்." தாளை மேசையில் வைத்துவிட்டு, படுக்கப் போய்விட்டார்.

புதன் முழுக்க ஒரு கதையும் இல்லை. பேரனைக் கூட்டி வந்தார், சாப்பிட்டார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த செவ்வாய் வரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. "நீங்கள் கதைச்சாத்தான் முடியும்" என்று மனைவி சொன்னாள். "நான் முதலே சொன்னனான்" என்று அவள் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி.

செவ்வாய் வந்தது. மகன் படுத்த பிறகு, அப்பா அந்தத் தாளைத் தன் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்தபடி எடுத்தார். பெஞ்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தார்.

"கேள்வித்தாள் எங்க?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"புள்ளி போட்டவன் ஒரு கேள்வியை வைச்சுத்தானே போட்டிருப்பான். அந்தக் கேள்வியைக் காட்டு."

கையேட்டை மடிக்கணினியில் திறந்து 31பி பக்கத்தைக் காட்டினேன். அப்பா ஆறுதலாக வாசித்தார். சேர்க்கிற சீனி தனியாகத் தெரிகிற சுவையைத் தராவிட்டால், அந்தப் பியரை அதன் அடிப்படை வகையிலேயே போடவேண்டும் என்று அங்கேயே எழுதியிருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். வாசித்தும், எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன்.

"தம்பி, நீ பாடமாக்கிக்கொண்டு போன கட்டுரையை எழுதியிருக்கிறாய். கேள்வி வேறை" என்றார் அப்பா. "இப்பிடி எத்தினை தாள் திருத்தியிருப்பன். பருவக்காற்றைப் பற்றிக் கேட்டா, ஆறுகளைப் பற்றி ரெண்டு பக்கம். வடிவான எழுத்து, பிழையில்லாத தமிழ். ஆனா என்ன புள்ளி போடுறது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பனங்கட்டி போட்டதெண்டு எழுதியிருக்கிறாய். அவனுக்கு அது வாயிலே தெரியேல்லை எண்டுறான். போட்டது உனக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியிறது கிளாசிலே இருக்கிறது மட்டும்."

ஒரு வாய் பியர் குடிக்காத மனுசன், நான் மூன்று வருடத்தில் பிடிக்காத விஷயத்தை ஒரு கிழமையில் பிடித்துவிட்டார். பனங்கட்டியில் பெரும்பகுதி சாதாரணச் சீனிதான். ஈஸ்ட் அதை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். இனிப்புப் போய், மதுசாரம் மட்டும் நிற்கும். எஞ்சுகிற மெல்லிய புகைவாசமும் உப்புக் குணமும் வறுத்த பார்லிக்குக் கீழே மறைந்து போகும். எனக்கு அது சுவைத்தது, ஏனென்றால் குட்டானை உடைத்துப் போட்டது நான். என் நாக்கு குடிக்கவில்லை, ஞாபகம் குடித்தது.

"அப்ப எந்தக் கேள்விக்கு இது விடை?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஸ்டவுட் பக்கங்களைப் புரட்டினோம். இம்பீரியல் ஸ்டவுட் 8 வீதத்தில்தான் தொடங்குகிறது, எங்களுடையது 7.1. இனிப்பு ஸ்டவுட் 6 வீதத்தோடு முடிகிறது. ஃபொரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் மதுசாரத்தில் பொருந்தும், ஆனால் அது வறட்சியானது, வறுத்த கசப்பு முன்னுக்கு நிற்பது. 16சி பக்கத்துக்கு வந்தோம். ட்ரொப்பிகல் ஸ்டவுட். மதுசாரம் 5.5 முதல் 8. கறுப்பு, இனிப்பு, பழவாசம், எரிந்த காரம் இல்லாத வறுவல். மொலாசஸ், உலர்ந்த பழம், ரம் போன்ற குணங்கள் இருக்கலாம். சூடாக நொதிக்க விட்ட லாகர் ஈஸ்டால் செய்வது வழமை. வரி வரியாக என்ர பியரைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. கரும்பும் வெப்பமும் உள்ள நாடுகளில் வளர்ந்த வகை என்றால், பனங்கட்டி அங்கே போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசியில் உதாரணத்துக்குச் சில பியர்களின் பெயர்கள். அப்பா விரலை வைத்து வாசித்தார். ஜமேக்காவின் ட்ராகன் ஸ்டவுட். அதோடு லயன் ஸ்டவுட்.

"லயன் எண்டா எங்கட லயனோ?"

"ஓம் அப்பா. இலங்கை லயன்தான்."

நுவரெலியாவில் தோட்டத்துரைமார் காலத்தில் தொடங்கிய மதுச்சாலை அது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் இருக்கிறது. மைக்கல் ஜாக்சன் என்று, பாட்டுக்காரர் அல்ல, பியரைப் பற்றி எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவர் புகழ்ந்து எழுதிய பிறகு லயன் ஸ்டவுட் உலகம் முழுக்கப் பேர் எடுத்தது. இதெல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்து, கடைசியிலே சிங்கத்தோடதான் உன்னை ஒப்பிடப் போறாங்கள்" என்றார். அந்தக் கிழமையில் அவர் முதல்முதல் சிரித்தது அப்போதுதான்.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. அப்பா முடிக்கவில்லை.

"பனைக்கு முட்டி கட்டேக்கை, முட்டிக்கு உள்ளுக்கை சுண்ணாம்பு பூசினா கருப்பணி. பூசாமல் விட்டா கள்ளு. மரமும் ஒண்டு, பாளையும் ஒண்டு, ஏறுற ஆளும் ஒண்டு. கருப்பணியைக் காய்ச்சினா நீ போட்ட பனங்கட்டி. எங்கட அப்புவுக்கு ரெண்டும் பிடிக்கும். காலமை கருப்பணி, பின்னேரம் கள்ளு. முதல் அவரும் ஆசைக்குத்தான் குடிச்சவர்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ எந்த வகை? அதை எனக்குச் சொல்லு."

"நான் அப்பிடியில்லை அப்பா" என்று வாய் வரை வந்தது. அதுவும் பாடமாக்கின விடைதான்.

ஆகவே கணக்குப் பார்த்தோம். ஒரு தடவை காய்ச்சினால் 330 மில்லிலீட்டர் போத்தல் ஏறக்குறைய அறுபது வரும். எத்தனை போத்தல் கொடுத்தேன், எத்தனை நான் குடித்தேன் என்று காய்ச்சிய ஒவ்வொரு தடவைக்கும் என்னிடம் விரிதாள் இருக்கிறது. எல்லாம் அளக்கிறவன் அல்லவா. கடைசி ஒரு வருடம் பரவாயில்லை, கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2020, 2021 மாதங்களை நான் அதற்கு முன் கூட்டிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு இரவும் இரண்டு போத்தல். ஐந்து வீதப் பியரில் இரண்டு போத்தல் என்றால் 2.6 நியமக் குடிப்பு. கிழமைக்குப் பதினெட்டு. அவுஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது, ஆரோக்கியமான வயதுவந்தவர் கிழமைக்குப் பத்துக்கு மேலே போகக்கூடாது, எந்த ஒரு நாளிலும் நாலுக்கு மேலே போகக்கூடாது என்று.

அந்த எண்ணை அப்பாவுக்கு முன்னால் கூட்டிக் காட்டினேன். கூட்டல் சரி என்று அவர் சொல்லவில்லை. மனைவி தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். அவளுக்கு அந்த எண் புதிதல்ல என்பது அவள் எழும்பிய விதத்தில் எனக்கு விளங்கியது.

"எனக்கு இது தெரியாது" என்றேன்.

"தெரியும்" என்றார் அப்பா. "நீ கூட்டேல்லை."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பேசவில்லை, சத்தியம் கேட்கவில்லை, வாளியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான்தான் சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டேன். கிழமையில் நாலு நாள் ஒன்றுமில்லை. காய்ச்சினதில் பாதிக்கு மேல் வெளியே போகவேணும். விரிதாளில் இன்னொரு நிரல், கிழமைக்கு எத்தனை என்று. அந்த 7.1 வீத ஸ்டவுட்டில் ஒரு போத்தலே இரண்டு நியமக் குடிப்புக்குக் கிட்ட வரும், ஆகவே அதில் ஒன்றோடு அன்றைய கணக்கு முடிந்தது. மூன்று மாதத்துக்கொரு தடவை அப்பா கேட்பார், "கூட்டினியோ?" என்று. காட்டுவேன்.

மகனுக்கும் சொன்னோம். அது ஜிஞ்சர் பியர் இல்லை, பெரியாக்கள் குடிக்கிற பியர், பதினெட்டு வயதுக்கு முதல் ஒருவரும் தொடக்கூடாதது, அப்பா செய்கிறார், கொஞ்சமாகக் குடிக்கிறார், அப்பப்பாவின் அப்பா நிறையக் குடித்து வருத்தம் வந்து செத்தவர். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "Grandpa's dad-க்கு ஆர் stop பண்ணச் சொன்னது?" என்று அவனுடைய கலப்புத் தமிழில். அப்பப்பாவிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். அப்பா என்ன சொன்னார் என்று இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

2024இல் அதே செய்முறையைத் திரும்பக் காய்ச்சினேன். ஒரு கிராம் மாற்றவில்லை. இந்தமுறை பிரிவைத் தெரிவதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். வீட்டில் காய்ச்சுகிற நண்பர்கள் சிலராவது இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

செய்முறையை மறந்துவிட்டுத்தான் பிரிவைத் தெரியவேணும். மூன்று நண்பர்களுக்கு என்ன போட்டேன் என்று சொல்லாமல் சாதாரணக் கிளாசில் ஊற்றிக் கொடுத்து, தோன்றுகிற சொற்களை எழுதச் சொன்னேன். ஒருவர் முந்திரிகை வற்றல் என்றார், ஒருவர் கோப்பி, ஒருவர் ரம்மும் முந்திரிகை வற்றலும் போட்ட ஐஸ்கிரீம். ஊரில் பிறந்தவர்கள் இருவர் இருந்தும் ஒருவரும் பனங்கட்டி என்று எழுதவில்லை. பிறகு அந்தச் சொற்களைக் கையேட்டுப் பக்கங்களோடு ஒப்பிட்டேன். எண்கள் பொருந்தாத வகைகளை முதலில் வெட்டினேன், பிறகு சுவை பொருந்தாதவற்றை. ஆட்கள் குறைவாகப் போடுகிற பிரிவில் போட்டால் பதக்கம் சுகம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆனால் வகைக்குப் பொருந்தாத பியருக்கு எந்தப் பிரிவிலும் புள்ளி விழாது, அதை நான் ஏற்கெனவே 27 புள்ளி கொடுத்துப் படித்துவிட்டேன். ஊற்றிய கிளாசை அரை மணி நேரம் விட்டு, சூடேறிய பிறகும் ஒருமுறை சுவைத்துப் பார்க்க வேணும். நடுவர் மேசைக்குப் போகும்போது உங்கள் பியர் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மாதிரியே இருக்காது.

16சியில் போட்டேன். விளக்கம் எழுத இடமே இல்லை. பனை இல்லை, யாழ்ப்பாணம் இல்லை, குட்டான் இல்லை. படிவத்தை அனுப்பும்போது எதையோ ஒளிக்கிற மாதிரி இருந்தது.

இதை எழுதும்போதுதான் நினைக்கிறேன், எங்கட தலைமுறைக்கு இது ஒரு பழக்கம். அலுவலகத்துக்கு வடை கொண்டு போனால் கூடவே வரலாறும் கொண்டு போவோம். பிள்ளையின் பள்ளியில் பன்முகப் பண்பாட்டு நாள் என்றால், பிள்ளை ஆடுகிற மூன்று நிமிட நடனத்துக்கு ஐந்து நிமிட அறிமுகம். கதையைச் சொன்னால்தான் சுவை விளங்கும் என்று ஒரு பயம். சில இடத்தில் கதை வேணும், கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். சில இடத்தில் கிளாசில் இருப்பது போதும். எது எந்த இடம் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தாறு வருடம் எடுத்தது.

முடிவு வந்தது. 50க்கு 39. மூன்றாம் இடம். "மொலாசஸ் போன்ற, மண்வாசமுள்ள ஓர் இனிப்பு பின்னால் நிற்கிறது, நன்றாக இருக்கிறது" என்ற கருத்தில் நடுவர் ஒரு வரி எழுதியிருந்தார். பெயர் சொல்லாமல் பனங்கட்டி தானே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தமுறை தாளை வேண்டுமென்றே சாப்பாட்டறை பிரிண்டருக்கு அனுப்பினேன். அப்பா எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கூட்டினார்.

"எழுபத்தெட்டு வீதம். 'ஏ'." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "விரிதாளையும் காட்டு."

காட்டினேன். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒரு புள்ளிதான்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை இருக்கிறது. கறுத்த பார்லி ஒன்றும் போடாமல், வெளிர் நிறப் பியராக, பனங்கட்டியைக் கொதியில் போடாமல் நொதித்தல் அடங்கிய பிறகு போட்டால் அதன் வாசம் நிற்கலாம். அது சரிவந்தால்தான் உண்மையான 31பி. இதை அப்பாவிடம் சொன்னேன். ஒரு சொட்டும் வாயில் வைக்க மாட்டார், அதில் மாற்றமில்லை. நான் அவரைக் கேட்கவும் இல்லை.

போன கிழமை டண்டினோங் கடையால் குட்டான்கள் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். அப்பா ஒன்றைப் பிரித்து, மணந்து பார்த்து, ஒரு துண்டை உடைத்து எடுத்தார்.

"உன்ர வாளிக்கை கொட்ட முதல், எனக்கும் பேரனுக்கும் ரெண்டு குட்டான் எடுத்து வை" என்றார். "பிளேன்டீக்கு வேணும்."